பனிக்காலத்து வெல்லம்

வங்கத்தில் குடியேறிய தமிழர் பலரைப் போலவே, நாமும் இந்நாட்டு உணவைப் பற்றி அவசரத் தீர்ப்புக் கூறியவர்களே. ஈச்சமரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் ‘நொலேன் குர்’ என்னும் புதுவெல்லத்தை வங்காளிகள் வானளாவப் புகழ்வர். நாமும் ஆறு ஆண்டுகளாக மார்கழிதோறும் கல்கத்தாக் கடைகளில் அதன் கட்டியாகிய ‘பாட்டாலி’யை வாங்கித் தின்றோம். கல்லைப் போல் இறுகிய கட்டி. நாவில் சீனியின் தித்திப்பேயன்றி வேறொன்றுமில்லை. “இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நம் கருப்பட்டிக்கு ஈடாகுமா?” என்று வீட்டிலிருந்தோரிடம் எள்ளி நகைத்தோம்.

ஒருநாள் அலுவலகத்தில் வங்க நண்பரிடமே இதைச் சொல்லிவிட்டோம். அவர் சினந்தாரில்லை. அடுத்த திங்கட்கிழமை, நதியா மாவட்டத்திலுள்ள தம் கிராமத்திலிருந்து சிறு மண்கலயம் ஒன்றைக் கொணர்ந்து நம் மேசைமீது வைத்தார். “தாதா, இதை உண்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்” என்றார்.

அன்றிரவு தோசைமேல் அதனை ஊற்றினோம். தேனிலும் இளகிய, செம்பழுப்பு நிறப் பாகு. மெல்லிய புகைமணம், இனிப்பு அடங்கியபின்னும் நாவை விட்டு நீங்காத ஒரு வாசம். குழந்தைகள் தட்டை வழித்து நக்கினர். நாம் ஆறு ஆண்டுகள் தின்றது நொலேன் குர் அன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று.

நண்பர் பின்னர் விவரம் கூறினார். ‘ஷியூலி’ எனப்படும் மரமேறிகள் குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் உச்சியருகே தண்டைச் சீவி, மாலையில் கலயம் கட்டுவர். ஓராண்டு சீவிய பக்கத்தை மறு ஆண்டு சீவார். அதனால் மரமே படிப்படியாக வளைந்து தோன்றும். இடையிடையே மரத்திற்குச் சில நாள் ஓய்வும் உண்டு. ஓய்வுக்குப்பின் முதலில் வடியும் சாறே தலைசிறந்தது. பனி குறைந்தாலோ வெயில் ஏறினாலோ சாறு புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே விடியுமுன் இறக்கி, அகன்ற பாத்திரத்தில் அன்றே காய்ச்சுதல் வேண்டும். இத்துணைப் பாடுபட ஆட்கள் குறைந்து வருகின்றனர்; சாறும் குறைவு, கேட்போரோ மிகுதி. எனவே மலிவான சீனி அதிற் கலக்கிறது.

நம் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: நல்ல பாட்டாலி விரலால் அழுத்தினால் உடையும், கல்லாக இறுகி, சீனிப் பரல்போல் மின்னுவதை வாங்கற்க. பாயசத்தில் சேர்ப்பதாயின் பாலை இறக்கிச் சற்றே ஆறவிட்டபின் சேர்த்தல் வேண்டும். கொதிக்கும்போது சேர்த்தால் பால் திரிந்துவிடும். வங்காளிகள் இவ்வெல்லமிட்டுப் பாயசமும் பிட்டாவும் செய்யும் பௌஷ சங்கராந்தி, நம் பொங்கலை ஒட்டியே வருகிறது. இவ்வாண்டு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலில் இவ்வெல்லமே கலந்தது.

கலயத்தை வெறுமையாகத் திருப்பித் தருதல் நம் வழக்கமன்று. கழுவித் துடைத்து, ஊரிலிருந்து வந்த உடன்குடிக் கருப்பட்டி ஒன்றை உள்ளே இட்டுத் தந்தோம். நண்பர் அதை முகர்ந்து பார்த்தார். “இதுவும் மரத்தினின்று வருவதா? கடைகளில் இப்படி நான் கண்டதில்லையே!” என்று வியந்தார்.

அவரும் அதுவரை உண்மைக் கருப்பட்டியை உண்டதில்லை போலும்.