செத்த சிப்பாய்க்கு நன்னடத்தைப் பதக்கம்!

1999-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்க ராணுவத்தின் உயர்ந்த தளபதி ஒருவர் ஒரு கறுப்பினக் குடும்பத்தாரிடம் மூன்று பதக்கங்களைக் கொடுத்தார். கூடவே, திருத்தி எழுதப்பட்ட ஒரு சேவைப் பதிவேட்டையும் கொடுத்தார். பதக்கத்துக்கு உரியவர் மட்டும் வரவில்லை. அவர் செத்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மூன்று பதக்கங்களில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? நன்னடத்தைப் பதக்கம்!

செத்தவனுக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்த இந்த வேடிக்கையை நாம் விசாரித்துப் பார்க்க வேண்டும். மஸ்டர் ரோலில் பேர் ஏறாததால் கூலி இழந்தவர்கள் நம்மில் ஏராளம். வேலைக்குச் சேர்ந்த தேதியைத் தப்பாக எழுதியதால் கிராஜுவிட்டியில் அடி வாங்கிய ஆலைத் தொழிலாளிகளும் உண்டு. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் அதிகாரம் இருக்கிறது என்பது நமக்குப் புதிய பாடமல்ல.

அந்தச் சிப்பாயின் பெயர் எட்வர்ட் கார்ட்டர். 1916-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். தகப்பனார் கறுப்பினத்தைச் சேர்ந்த பாதிரியார். தாயார் இந்தியப் பெண். சிறு வயதை நம் நாட்டிலும், பிறகு சீனத்தின் ஷாங்காய் நகரிலும் கழித்தார். ஸ்பெயின் நாட்டு மக்கள் அமைத்த குடியரசை, ஹிட்லர், முஸோலினி இருவரின் துணையோடு பிராங்கோ நசுக்க வந்தபோது, உலகெங்குமிருந்து தொழிலாளிகளும் அறிவாளிகளும் ஸ்பெயினுக்கு ஓடினார்கள் அல்லவா? அமெரிக்காவிலிருந்து போன ஆபிரகாம் லிங்கன் படையில் கார்ட்டரும் ஒருவர்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கார்ட்டர் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தார். கறுப்பினச் சிப்பாய்களுக்கு அங்கே என்ன வேலை? பெரும்பாலோருக்கு மூட்டை தூக்குவதும் லாரி ஓட்டுவதுந்தான். 1945 தொடக்கத்தில் ஆள் பற்றாக்குறை வந்த பிறகே, கறுப்பினத் தொண்டர்களைப் போர்முனைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை! பதவி உள்ளவன் பதவியை விட்டுவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக வரவேண்டும். ஸ்டாப் சார்ஜெண்டாக இருந்த கார்ட்டர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

1945 மார்ச் 23. ஜெர்மனியில் ஸ்பேயர் நகருக்கு அருகில் எதிரியின் குண்டு மழையில் படை நின்றுவிட்டது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு திறந்த வெளியைக் கடக்க முனைந்தார் கார்ட்டர். இருவர் மாண்டனர், ஒருவர் படுகாயமுற்றார். அவர் தனியே முன்னேறினார். ஐந்து காயங்கள் பட்டன. பிடிக்க வந்த எட்டு ஜெர்மன் சிப்பாய்களில் ஆறு பேரைச் சுட்டு வீழ்த்தினார். மற்ற இருவரைக் கைதியாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்டவருக்கு சர்க்கார் என்ன செய்தது? 1949-ல் அவர் மீண்டும் பட்டாளத்தில் சேர மனுச் செய்தபோது கதவை மூடியது. காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் ரகசியக் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்பெயினில் போரிட்டவர், சீனத்தில் வளர்ந்தவர். ஆகவே கம்யூனிஸ்டாக இருக்கலாம்! உளவாளிகள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தும் ஒரு சான்றுகூடக் கிடைக்கவில்லை. சந்தேகமே தண்டனையாயிற்று. ஸ்பெயினில் போரிட்டவர்களுக்கு ‘காலத்துக்கு முந்திய பாசிஸ்ட் எதிர்ப்பாளர்’ என்று அமெரிக்க அதிகாரிகள் முத்திரை குத்திய காலம் அது. 1937-ல் பாசிஸத்தை எதிர்த்தவன் சந்தேகத்துக்குரியவனாம். 1942-ல் எதிர்த்தவன் தேசபக்தனாம்! அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. 1963-ல் நுரையீரல் புற்றுநோயில் கண்ணை மூடினார்.

இது ஒரு கார்ட்டரின் கதை மட்டுமல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் அமெரிக்கப் படைகளில் சேவை செய்தனர். அந்த யுத்தத்துக்காக 400-க்கு மேற்பட்டோருக்கு மெடல் ஆப் ஆனர் என்னும் தலையாய பதக்கம் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லை. 10 லட்சம் பேரில் ஒரு வீரனும் இல்லையா? 1993-ல் ராணுவமே ஆராய்ச்சியாளர்களை நியமித்து விசாரித்தது. படையில் மலிந்திருந்த நிறவெறிதான் காரணம் என்று தெரிந்தது. காலக்கெடு தாண்டிவிட்டதால் சட்டம் போட்டு, 1997 ஜனவரி 13-ல் ஏழு பேருக்கு அந்தப் பதக்கம் கொடுத்தார்கள். கார்ட்டரும் அவர்களில் ஒருவர். ஏழு பேரில் உயிரோடு வந்து வாங்கியவர் ஒருவரே. யுத்தத்துக்கு முன் ரயில்வே போர்ட்டராக இருந்த வெர்னன் பேக்கர் அவர். அப்போது அவருக்கு வயது 77.

அதற்குப் பிறகும் கார்ட்டரின் பதிவேட்டிலிருந்த களங்கம் நீங்கவில்லை. அவருடைய மகனும் மருமகளும் விடவில்லை. ரகசியக் கோப்பை வெளியே இழுத்தார்கள். பத்திரிகைகள் எழுதின. 1999-ல் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். விட்டுப்போன பதக்கங்கள் வந்தன.

சில தோழர்கள் கேட்கலாம்: ‘ஏகாதிபத்தியப் பட்டாளத்தின் பதக்கம் நமக்கு எதற்கு? அது ஒரு உலோகத் துண்டுதானே?’ நியாயமான கேள்வி. வியத்நாம் கிராமங்களைக் கொளுத்தியதற்குக் குத்திய பதக்கத்துக்கு நாம் தலைவணங்க மாட்டோம். ஆனால் கார்ட்டர் போரிட்டது ஹிட்லரை எதிர்த்து. மேலும், பதக்கம் இங்கே வெறும் அடையாளந்தான். விஷயம் பதிவேட்டில் இருக்கிறது. அமெரிக்கச் சிப்பாய் படையைவிட்டு விலகும்போது ஒரு விடுவிப்புப் பத்திரம் கொடுக்கிறார்கள். என்ன வேலை செய்தான், எந்தப் பதக்கம் பெற்றான், எந்த நிலையில் விலகினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆஸ்பத்திரி வைத்தியம், படிப்புச் செலவு, வீட்டுக் கடன், செத்தால் அடக்க நிலம், எல்லாவற்றுக்கும் அந்தத் தாளே சாவி.

அதில் பிழை இருந்தால்? திருத்துவதற்கென்று 1946-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியங்கள் இருக்கின்றன. பிழையைக் கண்ட 3 ஆண்டுக்குள் மனுப் போடவேண்டும். வாரியம் மனம் வைத்தால் கெடுவைத் தளர்த்தலாம். ஆனால் ஒரு முக்கிய விஷயம்: பட்டாளத்தின் கணக்கு சரி என்றே வாரியம் முதலில் எடுத்துக்கொள்கிறது. தப்பு என்று நிரூபிக்க வேண்டியவன் சிப்பாய்!

எதைக் கொண்டு நிரூபிப்பது? 1973 ஜூலை 12-ந் தேதி செயிண்ட் லூயி நகரத்து ராணுவப் பதிவேட்டு நிலையத்தில் தீப்பிடித்தது. 160 லட்சம் முதல் 180 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 100-க்கு 80 போயிற்று. நகல் கிடையாது. கட்டிடம் சர்க்காருடையது; நகல் எடுத்து வைக்காததும் சர்க்கார். ஆனால் பழைய சம்பளப் பட்டியலையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும், கூட இருந்தவனின் சாட்சியத்தையும் தேடி அலைய வேண்டியவன் கிழட்டுச் சிப்பாய்! தீக்கு வெள்ளையன் கறுப்பன் என்ற பேதம் இல்லை. ஆனால் வக்கீல் வைக்கப் பணம் இல்லாதவனையே அது அதிகம் சுட்டது.

தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? ஆளும் வர்க்கம் எழுதிய கணக்கு தானாகத் திருந்தாது. அது திருந்தியபோதெல்லாம் பின்னால் யாரோ விடாமல் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கார்ட்டர் மனுப் போட்டார். மனம் நொந்து செத்தார். விஷயம் வெளியே வந்து ஊர் பேசத் தொடங்கிய பிறகே சர்க்கார் தலைகுனிந்தது.

ஆகவே இரண்டு காரியங்கள் செய்வோம். ஒன்று, சம்பளச் சீட்டோ, வேலை அட்டையோ, கூலிக் கணக்கு எழுதிய நோட்டோ, எந்தத் தாளையும் எறியாமல் பத்திரப்படுத்துவோம். பேர் விட்டுப்போன தோழனைத் தனியே ஆபீஸ் வாசலில் நிற்க விடாமல் சங்கமாகச் சேர்ந்து போவோம். இரண்டு, பதிவேட்டை வைத்திருப்பவனே அது சரி என்று நிரூபிக்கட்டும் என்று கேட்போம். உழைத்தவன் ஏன் நிரூபிக்க வேண்டும்?

கார்ட்டரின் நன்னடத்தை 1945-லேயே ஸ்பேயர் வயல்வெளியில் எழுதப்பட்டுவிட்டது. அதைக் காகிதத்தில் ஏற்ற அமெரிக்க சர்க்காருக்கு 54 ஆண்டுகள் பிடித்தன. நம் தோழர்களின் கணக்கு அவர்கள் கண்மூடுவதற்கு முன்பே திருந்த வேண்டும்!