பின் ஜன்னல்தானே என்று சாதாக் கண்ணாடி போடாதீர்கள்!

கார் வைத்திருப்பவர் எல்லாம் பணக்காரர் என்று சொன்ன காலம் மலையேறி விட்டது. இன்றைக்குக் குமாஸ்தா வீட்டு வாசலிலும் ஒரு சின்னக் கார் நிற்கிறது. செகண்ட்ஹேண்ட்தான். மாதம் ஒரு தடவை மாமியார் வீடு, நல்ல நாளில் கோவில், அவசரம் என்றால் ஆஸ்பத்திரி. மற்ற நாளெல்லாம் அது தெருவில் தூசி குடித்துக் கொண்டு நிற்கும். நமக்கு எப்போதும் போல மின்சார ரெயில்தான்.

அந்தக் காரின் முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பதறிப் போய் மாற்றுகிறோம். பின் கதவுக் கண்ணாடி உடைந்தால்?

அட்டையை ஒட்டி விடுகிறோம்! இல்லாவிட்டால் படத்துக்கு பிரேம் போடும் கடையில் ஒரு துண்டு வெட்டி வாங்கிச் சொருகி விடுகிறோம்.

"பின்னாடிதானே சார், யார் பார்க்கப் போறாங்க?" என்கிறார்கள். பின்னாடி உட்காருவது யார் என்று யாரும் யோசிப்பதில்லை. நம் வீட்டுக் குழந்தைகள்தான் அங்கே உட்காருகிறார்கள்.

இதை நான் பெரிய யோக்கியனாகச் சொல்ல வரவில்லை. நானும் அந்தக் காரியத்தைச் செய்யப் பார்த்தவன்தான்.

பந்து வந்து விழுந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக் கொண்டிருந்தார்கள். 'டொப்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், என் காரின் இடது பக்கப் பின் கதவில் கண்ணாடியே இல்லை. சீட் முழுவதும் கல்கண்டு கொட்டினாற் போல சில்லு. பந்து அந்தச் சில்லுக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஆடிய பையன்கள் ஒருத்தனைக் காணோம். ஒரே ஒருவன் மட்டும் பேட்டுடன் நின்றான். பன்னிரண்டு வயது இருக்கும். "நான்தான் அங்கிள்" என்றான். அழுகை முட்டிக் கொண்டு நின்றது. என்ன திட்டுவது?

அன்று சாயங்காலமே தெரிந்த கண்ணாடிக் கடைக்குப் போனேன். சாமி படத்துக்கு பிரேம் போடுகிற கடை.

"கார் கதவுதானே சார்? அட்டையில அளவு வெட்டிக் கொண்டாங்க. அஞ்சு எம்.எம். கண்ணாடி போட்டுத் தர்றேன். மேல கீழ இறங்காது. பேஸ்ட் வச்சு ஒட்டிடலாம். நானூறு குடுங்க போதும்" என்றார்.

நானூறு ரூபாய்! மனசு குளிர்ந்து விட்டது. அளவு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வழியில் நம்ம மெக்கானிக் பாய் டீக்கடையில் நின்று கொண்டிருந்தார். பெருமையாக விஷயத்தைச் சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"பேத்தி எந்தப் பக்கம் சார் உக்காரும்?"

"இடது பக்கம்தான்."

"அப்ப அந்தக் கண்ணாடியைப் போடாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உறைத்து விட்டது.

சில்லும் கத்தியும்

சீட்டில் கிடந்த சில்லை நான் கையாலேயே அள்ளியிருந்தேன். ஒன்றிரண்டு கீறல்தான். வீட்டு ஜன்னல் கண்ணாடி அப்படி உடையுமா? நீளநீளமாக, கத்தி போல உடையும். ஒரு துண்டு கழுத்தில் பட்டால் போதும்.

கார் கதவில் கம்பெனி வைத்து அனுப்புவது 'டஃப்பன்டு' கண்ணாடி. சாதாக் கண்ணாடியை அளவாக வெட்டி, ஓரம் தேய்த்து, 600 டிகிரிக்கு மேல் உலையில் காய்ச்சுகிறார்கள். வெளியே எடுத்த உடனே இரண்டு பக்கமும் குளிர் காற்றை வேகமாக அடிக்கிறார்கள். மேல்தோல் சட்டென்று இறுகி விடும். உள்ளே இருப்பது மெதுவாக ஆறி, மேல்தோலை உள்ளுக்கு இழுத்துப் பிடித்துக் கொள்ளும். அதனால்தான் அதற்கு அத்தனை வலு. ஓர் இடத்தில் உடைந்தால் அந்த இழுப்பு முழுவதும் அவிழ்ந்து கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாக உதிரும். ஆளைக் குத்திக் கிழிக்காது.

முன் கண்ணாடி வேறு ரகம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. அது உடைந்தாலும் சிலந்தி வலை மாதிரி அங்கேயே நிற்கும்.

இன்னொன்று கவனியுங்கள். டஃப்பன்டு செய்த பிறகு அந்தக் கண்ணாடியை வெட்டவோ துளை போடவோ முடியாது. தொட்டால் பொடியாகி விடும். ஆகவே ஒருவர் உங்கள் கண் முன்னாலேயே கண்ணாடியை அளவுக்கு வெட்டிக் கதவில் மாட்டுகிறார் என்றால், அது கண்டிப்பாக டஃப்பன்டு இல்லை. இதற்கு மேல் சோதனை வேண்டியதே இல்லை.

சட்டமும் அப்படித்தான். 1989-ம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இதற்கென்றே இருக்கிறது. முன் கண்ணாடிக்கு மட்டும் இல்லை, ஜன்னல்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்கிறது. பின் கதவுக்கு விலக்கு என்று அதில் ஒரு வரி கூட கிடையாது.

அட்டை ஒட்டினால் என்ன?

"கண்ணாடியே வேண்டாம், அட்டை ஒட்டினால் யாரையும் குத்தாதே" என்று சிலர் கேட்கலாம். கேட்டார்கள். என் மைத்துனரே கேட்டார்.

நம்ம ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். இடது பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை இருக்கிறது. தலையைத் திருப்பி இந்தப் பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் அது தெரியும். அட்டையை ஒட்டினால் அந்த மூலை இருட்டு! அண்ணா சாலையில் இடது பக்கமாக நுழையாத டூவீலர் உண்டா? ஆட்டோ உண்டா? குத்தாது, சரி. இடித்து விட்டால்?

மழை வந்தால் அட்டை கஞ்சியாகி விடும். ராத்திரி தெருவில் நிறுத்தினால், 'உள்ளே வாருங்கள்' என்று திருடனுக்கு போர்டு வைத்தது போல. ஒன்றிரண்டு நாளைக்கு அவசரத்துக்கு ஒட்டுவதென்றால், கனமான கண்ணாடித் தாள் பாலிதீனாக ஒட்டுங்கள். வெளிச்சமாவது தெரியும். பெயிண்ட் மேலே பெரிய டேப் போடாதீர்கள். வெயிலில் காய்ந்தால் உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும்.

எங்கே கிடைக்கும்?

சென்னைக்காரருக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. புது சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. நடந்து போகிற தூரம்தான். சர்வீஸ் கம்பெனியில் 'ஆர்டர் போட்டு வரவழைக்கணும், ஒரு வாரம் ஆகும்' என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தின் நகலைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். வண்டி எந்த வருடம் என்பது முக்கியம். பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் மாறினால் கண்ணாடி மாறும். டிரைவர் சைடா, கிளீனர் சைடா என்பதையும் சொல்லுங்கள். இடது பக்கத்தது வலது பக்கத்துக்கு ஆகாது.

புதிதோ பழையதோ, முதலில் மூலையைப் பாருங்கள். தபால் முத்திரை மாதிரி சின்ன எழுத்து பதிந்திருக்கும். நம் நாட்டுக் கண்ணாடி என்றால் அதில் ஐ.எஸ். 2553 என்ற எண் இருக்கும். முத்திரையே இல்லாத கண்ணாடியைக் கையில் வாங்காதீர்கள்.

பழையது வாங்குவதில் தப்பில்லை. டஃப்பன்டு கண்ணாடிக்கு வயசாவதில்லை. ஓரத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். டஃப்பன்டு கண்ணாடிக்கு பலவீனம் ஓரத்தில்தான். அங்கே சின்னதாக ஒரு மூக்கு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். இன்றைக்கு நிற்கும், நாளைக்குக் கதவை ஓங்கிச் சாத்தினால் உதிரும். பில் கேட்டு வாங்குங்கள். பழைய சாமானுக்கு பில் இல்லாமல் வாங்குவது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

ஒரு மணி நேர வேலை

மாட்டுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜன்னல் சுற்றும் கைப்பிடியை பாய் ஸ்குரூ டிரைவரால் நெம்பவில்லை. பழைய துணியைக் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து இப்படியும் அப்படியும் இழுத்தார். உள்ளே இருந்த கிளிப் 'டிக்' என்று வெளியே வந்து விழுந்தது. நாற்பது வருடத்து கைவேலை!

கதவின் உள் அட்டையைக் கழற்றினால் பின்னால் ஒரு பாலிதீன் தாள் இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அவசரக்கார மெக்கானிக்குகள் அதைக் கிழித்து எறிந்து விட்டு மூடி விடுவார்கள். அப்புறம் மழைக்காலத்தில் கார் உள்ளே நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம். அதைத் திரும்ப ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கதவின் வயிற்றுக்குள் ஒரு கூடை சில்லு இருந்தது. அதை எடுக்காமல் புதுக் கண்ணாடி மாட்டினால் தினமும் சலங்கை கட்டின மாதிரி சத்தம் வரும். அது மட்டுமா? கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. சில்லு போய் அதை அடைத்தால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பாய் ஒவ்வொரு துளையாகக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்.

பிறகு இரண்டு பக்கத்து ரப்பர் பீடிங். பழசு காய்ந்து கருவாடாகி இருந்தது. மாற்றினோம். அதில் சிக்கிய மண்தான் கண்ணாடியைக் கோடு கோடாகக் கீறும். கண்ணாடியைச் சாய்த்து இறக்கி, மிஷினில் உட்கார வைத்து, பத்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கதவை மூடினார்.

சீட் இடுக்கில் இருந்த சில்லு வேறு கதை. வாக்குவம் போட்ட பிறகும் மினுக்கியது. என் வீட்டுக்காரி சப்பாத்தி மாவை உருண்டையாக்கி ஒற்றி ஒற்றி எடுத்தாள். மாவு கண்ணாடிப் பணியாரம் ஆகி விட்டது. தூர எறிந்தோம்.

கண்ணாடி, ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 1,800 ரூபாய்.

இன்சூரன்ஸ் கேட்கலாமா?

இங்கேதான் பலர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் வரும். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை என்பது வழக்கம். ஆனால் 1500 சி.சி. வரை உள்ள காருக்கு, ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் பொதுவாக நம் கைச்செலவு.

என் 1,800-ல் ஆயிரம் போனால் மிச்சம் 800. அதற்காக கிளைம் போட்டால், கிளைம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி போய் விடும். ஐந்து வருடம் கேட்காமல் இருந்தவருக்கு அது 50 சதவீதம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 5,000 என்று வைத்துக் கொண்டால், 2,500 ரூபாய்! எண்ணூறு வாங்க இரண்டாயிரத்து ஐநூறை விடுவதா? தள்ளுபடி போகாமல் இருக்கத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் பாலிசியைப் பெட்டியிலேயே வைத்து விடுங்கள்.

திருடன் உடைத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு. எதையும் கூட்டிப் பெருக்காமல் முதலில் போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

அதிகாரிகள் கவனிப்பார்களா?

கறுப்பு ஸ்டிக்கருக்கு 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதும், சிக்னலுக்கு சிக்னல் வண்டியை நிறுத்தி உரித்தார்கள். நல்லது. ஆனால் ஜன்னலில் இருப்பது என்ன கண்ணாடி என்று மூலையைக் குனிந்து பார்த்த ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூட வேன் வருகிறது. அதன் பின் ஜன்னலில் ஒன்று முத்திரை இல்லாத கண்ணாடி. ஓரம் கூட ஒழுங்காகத் தேய்க்கவில்லை. அதில் தலையைச் சாய்த்துக் கொண்டு ஒரு குழந்தை தூங்கிக் கொண்டு போகிறது. டிரைவரைக் கேட்டேன். "ஓனர்கிட்ட சொல்லியிருக்கேன் சார்" என்றார்.

எப்.சி.க்கு வரும் வண்டியில் பிரேக்கைப் பார்க்கிறார்கள், விளக்கைப் பார்க்கிறார்கள், புகையைப் பார்க்கிறார்கள். ஜன்னல் ஜன்னலாக மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? பள்ளி வேன்களிலாவது முதலில் பார்க்கட்டும். பிரேம் கடைக்காரர்களும் கார் கதவுக்குக் கண்ணாடி வெட்டித் தர மாட்டோம் என்று சொல்லி விடலாம். அவர்களுக்கு அது ஒரு நாள் வியாபாரம். பெரிய நஷ்டம் இல்லை.

நம்ம கிரிக்கெட் பையனின் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அன்று ராத்திரியே 500 ரூபாயுடன் வந்து நின்றார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இருநூறு எடுத்துக் கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் பையன் வந்தான். புதுக் கண்ணாடியை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கலாமா அங்கிள் என்று கேட்டான். பார்க்கச் சொன்னேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே காரை எடுத்து அடுத்த தெருவில் நிறுத்தி விடுகிறேன்.