ஆற்றோரம் பிடித்த அதிசய மீன்



1983 வன்செயலில் வவுனியாவுக்குப் போய், 2009க்குப் பிறகு லிந்துலைக்குத் திரும்பி வந்த அக்கா ஒருவர் லயத்து வாசலில் கப்பி மீன் வளர்த்து விற்கிறார். போன மாதம் அவருடைய பேரன் ஆற்றோரத்தில் ஒரு மீனைப் பிடித்து வாளியில் கொண்டு வந்தான். "தங்கச்சி, இது என்ன மீன்? பார்க்கவே பயமாயிருக்கு" என்று என்னைக் கூப்பிட்டார்.

உடம்பு முழுக்க எலும்புத் தகடு. வாய் தலைக்கு அடியில் வட்டமாக, ஒட்டி உறிஞ்சுவதாக இருந்தது. முதுகில் பாய்போல விரியும் செட்டை, பக்கச் செட்டைகளில் தடித்த முள். தென் அமெரிக்க ஆறுகளின் மீன் இது. தொட்டியில் படியும் பாசியைத் தின்பதால் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்கள். யாரோ வளர்க்க முடியாமல் ஆற்றில் விட்டிருக்க வேண்டும்.

வளர்ப்பது எப்படி?

• வெறுங்கையால் பிடிக்காதீர்கள், முள் கிழிக்கும். ஈரத் துணியால் பிடியுங்கள்.
• ஒன்றரை அடி வரை வளரும். கப்பித் தொட்டி போதாது. பெரிய சீமெந்துத் தொட்டி வேண்டும். இரவில் மூடி வையுங்கள்.
• பீலித் தண்ணீர் நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பாவியுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.
• நம் மலைக்குளிரில் சோர்ந்துவிடும். தொட்டியை வீட்டுக்குள் வையுங்கள். தண்ணீர் 23 பாகைக்குக் குறையாமலிருக்க ஹீட்டர் தேவைப்படும்.
• மாலையில் வெள்ளரி அல்லது அவித்த பூசணித் துண்டு போடுங்கள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்ட அக்கா, "செலவு கூடப்போல. பாவம், ஆற்றிலேயே விட்டிடவா?" என்றார்.

வேண்டவே வேண்டாம். நம் ஆற்றுத் தண்ணீர் கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. கீழே பொல்கொல்லை, விக்டோரியா நீர்த்தேக்கங்களில் இந்த மீன் ஏற்கெனவே பெருகிவிட்டது. கரையைக் குடைந்து முட்டையிடும். முள் சிக்கினால் வலை கிழியும். குளத்து மீனை நம்பிப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வலையின் விலை தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊர் விட்டு ஊர் வந்தது அதுட குற்றமா?" என்றார். இல்லைதான். கொண்டு வந்து கைவிட்டவர் குற்றம். மீன் இப்போது அவர் வீட்டில் பழைய சீமெந்துத் தொட்டியில் இருக்கிறது.

வளர்க்க முடியாவிட்டால் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலும் குளத்திலும் மட்டும் விடாதீர்கள்.