விடுமுறை யாருக்கு?

மார்கழிப் பனியும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் கைகோத்து வருகின்றன. விடுமுறை என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர் உள்ளம் துள்ளுவது இயல்பு. பத்து நாட்கள் பாடநூலுக்கு ஓய்வு, ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. ஊருக்குப் போகலாம், உறங்கலாம், உற்றாரைக் காணலாம். எல்லாம் சரி. ஆனால் நாம் ஓய்ந்திருக்கும் அந்தப் பத்து நாட்களில் நம் வீட்டில் வேறு யார் ஓய்ந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இலைமேல் படியும் துளிக்கும், குளிர்நாடுகளில் கொட்டும் வெண்படலத்துக்கும் பனி என்ற ஒரே சொல்லைத் தமிழில் வழங்குகிறோம். வெண்பனி நாடுகளின் குளிர்காலத்தைப் படங்களில் கண்டிருப்பீர்கள். நடுவே கணப்பு, சுற்றிலும் குடும்பம், பாட்டியின் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியும். கண்ணுக்கு இனிய காட்சிதான்! அந்தப் படத்தின் மறுபக்கத்தையும் சற்றே திருப்பிப் பார்ப்போம். பிரிட்டனின் வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ள பெண்கள் பின்னிய மெல்லிய கம்பளிச் சால்வைகள் உலகப் புகழ் பெற்றவை. அவர்கள் பெற்ற கூலி என்ன? 1872-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை அதைச் சொல்கிறது. பின்னியவள் கையில் காசு வருவது அரிதாம். வணிகர் தம் கடைச் சரக்கையே, தேயிலையாகவும் துணியாகவும், கூலி என்று கொடுத்துவந்தனராம். கணப்பருகே நடந்த வேலையாதலால் அது பொழுதுபோக்குப்போலத் தோன்றியது. அதனால் கூலியும் பொழுதுபோக்குக் கூலியாயிற்று!

அது அந்த நாட்டுக் கதை, நமக்கென்ன என்று சொல்லிவிட முடியுமா? பழவங்காடிச் சந்திப்புக்கு வாருங்கள். பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் உடைபடும் ஓசை ஓய்வதில்லை. அங்கே நின்று சுற்றிப் பார்த்தால் மூன்று நார்களைக் காணலாம். மாலைகளைத் தாங்கி நிற்பது வாழைநார். துணிக்கடைகளில் கசவுக் கரையோடு மடிந்து கிடப்பது பருத்தி. நாலடி நடந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் சுருள் சுருளாகத் தென்னைநார்க் கயிறு. மூன்றும் குடும்பத்தின் கைகளை நம்பி வளர்ந்த தொழில்கள்.

வேதியியல் மாணவிக்கு இம்மூன்றும் இனிய பாடங்கள். பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோசு. தென்னைநாரிலோ நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் லிக்னின். அதன் முரட்டுத்தனத்துக்கும் உழைப்புக்கும் அதுவே காரணம். வாழைநாரை நீரில் ஊறவைத்தால் இழைகளுக்கிடையே நீர் புகுந்து இளக்கிவிடுகிறது. ஆகவேதான் அது பூவின் காம்பை அறுக்காமல் இறுகப் பற்றுகிறது. நாரின் இயல்பை அறிவியல் அளந்து வைத்திருக்கிறது. நாரைக் கிழித்த விரலின் உழைப்பை யார் அளந்தார்கள்?

என் வீட்டையே சொல்கிறேன். நாங்கள் பிழைப்புக்காக ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அப்பா ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மா பூக் கட்டுகிறார். கார்த்திகை, மார்கழி மாதங்கள் ஐயப்ப பக்தர்களின் காலம். மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பழவங்காடியிலும் பத்மநாபசுவாமி கோயிலிலும் குவிகிறார்கள். மாலைகளுக்குத் தேவை பெருகுகிறது. பனியினால் பிச்சியும் மல்லிகையும் செடியில் குறைகின்றன, விலை ஏறுகிறது. தோவாளைச் சந்தையிலிருந்து வந்த உதிரிப்பூவை விடியுமுன் வணிகர் ஒருவர் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். முந்திய இரவே ஆச்சி வாழைமட்டைச் சருகை நனைத்து, நகத்தால் நார் நாராகக் கிழித்து வைத்திருப்பார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களாதலால் தம்பியும் தங்கையும் பூவை இரண்டிரண்டாக எடுத்து வைக்க, அம்மாவின் விரல்கள் முடிச்சு முடிச்சாக ஓடும். கூலி முழக்கணக்கு. நார் எங்களுடையது, விளக்கு எங்களுடையது, நேரமும் எங்களுடையது. நால்வர் உழைக்கிறார்கள், ஒருவர் பெயருக்குக் கூலி. பூவின் விலை ஏறுகிறது. கட்டுகூலி இருந்த இடத்திலேயே இருக்கிறது!

நகரிலிருந்து நாகர்கோவில் சாலையில் சென்றால் பாலராமபுரம். பாலராம வர்மா மன்னர் ஆண்ட காலத்தில் (1798–1810) தமிழகப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்களால் அவ்வூரின் நெசவு தழைத்தது என்பது வரலாறு. அவர்களும் நம்மைப்போல் குடியேறிய தமிழரே. அங்கே நெய்யப்படும் மெல்லிய பருத்தித் துணி இன்று புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையோடு விளங்குகிறது. ஆனால் தறியில் உட்காருவதற்கு முன் எத்தனை வேலை! நூலை நனைத்துப் பதப்படுத்தவேண்டும், இராட்டையில் சுற்றவேண்டும், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தேய்க்கவேண்டும், ஊடைக்குத் தார் சுற்றவேண்டும். இவற்றில் பெரும்பகுதி பெண்களும் முதியோரும் செய்வது. துணிக்கு உரிய கூலியோ பெரும்பாலும் தறியில் இருப்பவர் கையில் மொத்தமாக வருகிறது. 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. குடும்பமே உழைத்து, குடும்பத்துக்கே 5,000 ரூபாய்!

சட்டம் என்ன சொல்கிறது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது குற்றம் என்றது. உடனே ஒரு விலக்கும் தந்தது: அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறை நாட்களிலும் பிள்ளைகள் உதவலாமாம். தாய் தந்தையருக்கு உதவுவதை நான் குறை கூறவில்லை. தம்பி பூ எடுத்து வைப்பதால் குடும்பம் கெட்டுவிடாது. கைத்திறன் அப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது. ஆனால் அந்த உதவியின் பயன் யாரைச் சேர்கிறது? அம்மா ஒருத்தியால் முடியாத அளவு வேலையை, குறைந்த கூலிக்கு, குறித்த நேரத்துக்குள் பெற்றுக்கொள்கிறவரைத்தானே சேர்கிறது! பிள்ளைகளின் விடுமுறை, வணிகருக்கு இலவசமாகக் கிடைத்த ஆளாகிவிடுகிறது.

“குடும்பத்தில் கணக்குப் பார்ப்பதா? பாசத்துக்கு விலை வைப்பதா?” என்று சிலர் சினக்கக்கூடும். அவர்களுக்கு என் பதில் எளிது. நம் வீட்டு நிலைப்படிக்குக் கட்டிய மாலைக்கும், தங்கையின் தலையில் சூட்டிய சரத்துக்கும் கணக்கு வேண்டா. அவை பாசத்தின் செல்வம். சந்தைக்குப் போகும் முழத்துக்கு ஏற்கெனவே விலை இருக்கிறது. அந்த விலையில் உழைத்தவர் அனைவருக்கும் பங்கு உண்டா என்பதே கேள்வி. “இயந்திரம் வந்தால் இத்தொழில்கள் தாமே மறையும், வீணாக ஏன் கவலை?” என்பாரும் உளர். மறைவதா நிலைப்பதா என்பதைக் கூலியே பெரிதும் தீர்மானிக்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியை விட்டு ஓடுவது தறியின்மேல் வெறுப்பினாலா? அடுப்பு எரியாததனால் அன்றோ!

வழி என்ன? வீட்டிலிருந்து உழைப்போர்க்கு மற்றத் தொழிலாளரோடு சமநிலை வேண்டும் என்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 1996-இலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சேரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கேரள அரசு 2017-இல் பள்ளிச் சீருடைக்குக் கைத்தறித் துணி நெய்விக்கத் தொடங்கியது. பாராட்டவேண்டிய செயல். அதோடு, தார் சுற்றியவளின் பெயரும் கூலிப் பதிவேட்டில் ஏறவேண்டும். அமைப்புசாராத் தொழிலாளருக்காக 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு, வீட்டிலிருந்து உழைப்போருக்கும் உரியது. பூக் கட்டும் நம் தாய்மார்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அதைச் சொல்லிப் பதிவு செய்துகொடுக்க ஒரு பட்டமா வேண்டும்? ஒரு மாலைப்பொழுது போதும்.

தமிழ் மன்றத் தோழர்களே! இந்த விடுமுறையில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நாரும் நூலும் புழங்கினால் ஒரு தாளை எடுங்கள். யார், எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று பத்து நாட்களுக்கு எழுதுங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிகிராமும் தவறாமல் குறிக்கப் பழகிய கைகள் அல்லவா நம்முடையவை? அத்தாள்களை மன்றத்தில் ஒன்றுசேர்ப்போம். கூலி கேட்கப் போகும் தாயின் கையில் அது வலிய சான்றாக இருக்கும். கல்லூரி திறக்கும்போது நாம் கொண்டுவரும் சீர் அதுவாகட்டும்.