பிரம்பெடுக்குமுன்

வகுப்பிலே எளியோனைக் குட்டி அழவைக்கும் மாணவனைத் துட்டனென்று தள்ளிவிடுதல் எளிது; அவன் இல்லத்து நிகழ்வதை ஆராய்வார் சிலரே. நோர்வேயில் பணியாற்றிய உளநூலறிஞர் டான் ஒல்வேயுஸ், 1980இல் வெளியிட்ட ஆய்விலே, தாயின் அன்பின்மையையும் பெற்றோர் அடித்து வளர்த்தலையும் சிறுவரது வன்செயலுக்குரிய காரணங்களுள் வைத்து எண்ணினார். அடியுண்ட பிள்ளைகளுட் சிலர் அடிப்பவராவர்; வேறு சிலர் ஒடுங்கிப்போய்ப் பிறரது கொடுமைக்கு இலக்காவர். இப்பின்னவரை நாம் ‘அடக்கமான பிள்ளை’ என மெச்சுகின்றோமே, அதுவே என்னைப் பெரிதும் வருத்துவது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சிறுவரை வதைத்தலைத் தனிக்குற்றமாக்கிற்று. 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. ஆயினும் ஆசிரியராகிய எம்மிற் சிலர் பிரம்பைத் துறந்திலர். வீட்டில் அடியுண்டு வந்து வகுப்பில் அடிப்பவனை ஆசிரியரும் அடிப்பின், வலியோன் எளியோனை அடிக்கலாம் என அவன் முன்னரே கற்றது உறுதிப்படுமேயன்றி வேறில்லை. அவனைத் தனியே அழைத்து, “தம்பி, வீட்டில் என்ன நடந்தது?” என்று வினவுவோமாக. முதனாளிலே அவன் வாய் திறவான்.