சிவகாசிப் பிள்ளைக்கு ஐந்தொகை புதிதா?

கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். "பிள்ளைக்கு இன்டர்வியூ வந்திருக்கு." பி.காம்., எம்.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு யூடியூபில் யாரோ சொல்லும் ஆங்கில விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?" எல்லாவற்றுக்கும் அச்சடித்த விடை. நூறு பேர் போனால் நூறு பேரும் அதே விடையைச் சொல்லுவார்கள்.

இதைப் பற்றி என் கருத்தை எழுதலாம் என்று தோன்றியது. வங்கியில், பெரும்பாலும் கடன் பிரிவில், முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. நான் சொல்ல வருவது இதுதான். விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நிதித் துறை நேர்காணலுக்கான நல்ல பாடம் அவர்கள் வீட்டிலும் தெருவிலும் கிடக்கிறது. அதை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, வேறு யாருடைய பாடத்தையோ ஒப்பிக்கப் போகிறார்கள்.

முதலில் நேர்காணலில் என்னதான் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். வங்கியோ, நிதி நிறுவனமோ, ஆடிட்டர் அலுவலகமோ, சென்னை பெங்களூரு கம்பெனியின் கணக்குப் பிரிவோ, எங்கே போனாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்தது பாடம். பற்று எது, வரவு எது? லாப நஷ்டக் கணக்குக்கும் ஐந்தொகைக்கும் என்ன வித்தியாசம்? நடைமுறை மூலதனம் என்றால் என்ன? வாராக்கடன் என்று எப்போது சொல்லுவோம்? இதுவரை மனப்பாடம் ஓடும். அதன் பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "ஒரு வியாபாரிக்கு லாபம் வந்திருக்கிறது. ஆனால் சம்பளம் போடக் கையில் காசு இல்லை. எப்படி?" அங்கேதான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

சிவகாசியில் பிறந்த பிள்ளை இந்தக் கேள்விக்கு நிற்கலாமா? பட்டாசுத் தொழிலே இந்தக் கேள்விக்கு விடைதானே!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சிறிய பட்டாசு ஆலை முதலாளி. வருஷம் முழுக்கக் காகிதம், அலுமினியப் பவுடர், வெடியுப்பு, கந்தகம், அட்டைப்பெட்டி என்று 40 லட்சத்துக்கு வாங்குகிறார். கூலியும் மற்ற செலவும் 20 லட்சம். ஆக 60 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது. தீபாவளிக்குள் மொத்தச் சரக்கையும் வடநாட்டு வியாபாரிகளுக்கு 75 லட்சத்துக்கு அனுப்பிவிட்டார். ஏட்டில் லாபம் 15 லட்சம். ஆனால் சரக்கு போனது கடனுக்கு. கார்த்திகை மாதம் கணக்குப் பார்த்தால் வந்து சேர்ந்தது 45 லட்சம்தான். 30 லட்சம் பாக்கி நிற்கிறது. 60 கொடுத்து 45 வாங்கியவர் கையில் 15 லட்சம் துண்டு விழுகிறது. லாபமும் 15, பற்றாக்குறையும் 15!

லாப நஷ்டக் கணக்கு முதல் பதினைந்தைக் காட்டும். ஐந்தொகையில் அந்த 30 லட்சம் 'வரவேண்டிய பாக்கி' என்று சொத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும். துண்டு விழுந்ததை ஈடுகட்ட வாங்கிய கடன் எதிர்ப் பக்கம் இருக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர்தான் நடைமுறை மூலதனத் தேவை. அதற்குத்தான் வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்குகிறார்கள். சரக்கு 40 லட்சத்துக்கு இருந்து, வங்கி நூற்றுக்கு 25 மார்ஜின் பிடித்தால், 30 லட்சம் வரை எடுக்கலாம். இதற்கு டிராயிங் பவர் என்று பெயர். வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் அது வாராக்கடன். இவ்வளவையும் ஒரு பட்டாசு ஆலையை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆபத்து என்பதற்கும் நம்மிடம் பாடம் இருக்கிறது. 2017 அக்டோபர் 9 அன்று, தீபாவளிக்குச் சுமார் பத்து நாள் இருக்கையில், டெல்லி சுற்றுவட்டாரத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மறு வருஷம் அக்டோபர் 23 அன்று, பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் உப்பு கூடாது என்று தீர்ப்பு வந்தது. அப்போதும் தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. டெல்லி வியாபாரி கடையில் சரக்கு தேங்கினால் சிவகாசிக்காரர் பாக்கி என்ன ஆகும்? ஒரே சந்தையை, ஒரே பண்டிகையை நம்பிக் கொடுத்த கடனை வங்கி எப்படிப் பார்க்க வேண்டும்? தீர்ப்பு சரியா தவறா என்ற வாதம் வேறு. கடன் கொடுக்கிறவன் யோசிக்க வேண்டிய கேள்வி இது. புத்தகத்தில் 'கிரெடிட் ரிஸ்க்' என்று ஒரு அத்தியாயம் படித்த பிள்ளை, நம் தெருக்காரர்கள் அதில் பட்டபாட்டைச் சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பட்டாசு வேண்டாம் என்றால் காலண்டரைச் சொல்லட்டும். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷ ஆல்பம் வெளியிடுகிறார்கள். மார்கழிக்குள் அடித்துக் கொடுத்தாக வேண்டும். ஜனவரி தாண்டினால் அச்சடித்த காலண்டர் பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும். சரக்கு மதிப்பு எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

நம் ஊர்க்காரர்கள் நிதி என்ற சொல்லைக் கல்லூரியில் கற்றவர்கள் இல்லை. விருதுநகரில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கினார்கள். அப்படிச் சேர்ந்ததில் நடந்த சத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். வட்டியில்லாமல், கடனில்லாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர வருமானம் ஏற்படுத்துவது சாதாரணத் திட்டமா? 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று ஆரம்பித்தது 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே தொழிலைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வந்துதான் இங்கே ஆலை வைத்தார்கள். இந்த ஊரில் தயாரிப்பு என்றால் அப்படித்தான் இருந்திருக்கிறது. தொழிலை நேரில் பார்ப்பது முதலில், பேச்சு பிறகு.

ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைச் சொல்லவே கூச்சம். எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம். முடித்தவள், பயோடேட்டாவைக் கொண்டுவந்து காட்டினாள். பேச்சுக்கு ஒன்றிரண்டு கேள்வி கேட்டேன்.

"அம்மா என்ன வேலை பாக்காங்கன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"ஹவுஸ் ஒய்ஃப்னு சொல்லிருவேன் தாத்தா."

அவள் அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். எண்ணிக்கைக்குக் கூலி, சனிக்கிழமை சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் இவள் படித்தாள்.

"சரி, உங்க அம்மா குழுவுக்குக் கணக்கு யாரு எழுதுறா?"

"நான்தான் தாத்தா. பத்தாவது படிக்கையிலருந்து."

"அதை இதுல காணோமே?"

"அதெல்லாம் போடலாமா தாத்தா?"

மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு என்றால் என்ன? மாதச் சந்தா, உள்கடன், அதற்கு வட்டி, வங்கிக் கடனின் தவணை, யார் தவணை தவறினார்கள், ஏன் தவறினார்கள், மீட்டிங் தீர்மானம். ஆறு வருஷமாக இதை ஒரு பெண் பிசகில்லாமல் எழுதி வருகிறாள். சிறுகடன் கொடுக்கும் நிறுவனம் புதிதாகச் சேர்ந்தவருக்கு மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்கும் விஷயம் இது. இதை விட்டுவிட்டு, பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பாட்டுக் கேட்பது' என்று போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டுக் குழு கணக்கை எழுதச் சொன்னேன். அம்மாவின் வேலையையும் உள்ளபடி சொல்லச் சொன்னேன். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் வேறு. பெற்றவளை மறைத்துவிட்டு உட்காருகிற பிள்ளைக்கு அந்த நாற்காலியில் நிம்மதி இருக்காது. குரலும் நடுங்கத்தான் செய்யும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கஷ்டத்தைச் சொல்லி வேலை கேட்கக் கூடாது. கணக்கைச் சொல்லிக் கேட்க வேண்டும். "நாங்க ரொம்ப ஏழை சார்" என்றால் எதிரே இருப்பவர் இரக்கப்படுவார், அவ்வளவுதான். "அம்மாவுக்கு மழைக்காலத்தில் வேலை நின்றுபோகும். அந்த மாதங்களில் எங்கள் குழுவில் தவணை தவறும். அதனால் நாங்கள் உள்கடன் தவணையை மாற்றி அமைத்தோம்" என்று சொன்னால் அது அறிவு. இரண்டும் ஒரே வீட்டுக் கதைதான். சொல்லும் விதத்தில் இருக்கிறது.

"ஆங்கிலம் வராமல் இதையெல்லாம் எப்படிச் சொல்லுவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலம் வேண்டும், எக்ஸெல் வேண்டும், டேலி தெரிந்தால் இன்னும் நல்லது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தைத் தெரியாத மொழியில் சொல்லப் பழகுவது எளிது. தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் சொல்லுவதுதான் மலை. மேலே போட்ட ஆலைக் கணக்கைப் பத்து வாக்கிய ஆங்கிலத்தில் எழுதி, தினம் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் பதினைந்து நாளில் நாக்கு திரும்பிவிடும்.

கடைசியாக, நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு நேர்காணல் என்றதும் நாம் முதலில் செய்வது, "அங்கே நமக்கு வேண்டியவர் யார்?" என்று தேடுவது. பொதுத்துறை வங்கிகளுக்கு இப்போது பொதுத் தேர்வு. கிளார்க் வேலைக்கு நேர்காணலே கிடையாது. அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற கணக்கில் மதிப்பெண் சேர்க்கிறார்கள். அங்கே அண்ணாச்சி சிபாரிசு எடுபடாது. "இவ்வளவு கொடுத்தால் வங்கி வேலை வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நாம் கொடுக்க வேண்டியது நேரம். கமிஷன் கடை வைத்திருந்தவர்கள், அச்சகத்தில் பில் போட்டவர்கள், ஆலையில் கணக்கெழுதியவர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு சாயங்காலம் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, "கடனுக்குச் சரக்குப் போடும்போது நீ எதைப் பார்ப்பாய்?" என்று கேளுங்கள். திணறட்டும். நம் முன்னால் திணறுவதில் நஷ்டமில்லை. பிறகு நீங்கள் எதைப் பார்த்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்கு ஏன் மறுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பரணில் பழைய சிட்டையும் பேரேடும் கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன்னால் ஒரு நாள் அந்தப் பிள்ளை கையில் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள்.