உட்காரத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை? ஆபீஸுக்குப் போகிறவருக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்கு உண்டு. அடுப்புக்கு மட்டும் கிடையாது. அதன் முன்னால் நிற்கிறவளுக்கும் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு சிநேகிதி வீட்டில் சில நாள் தங்கியபோதுதான், இதற்கும் ஒரு வழி உண்டு என்று கண்டுகொண்டேன். அந்த வழியின் பெயர் பன்றி ரோஸ்ட்!

மாமிசம் சாப்பிடாத சகோதரிகள் மூக்கைச் சுளிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோஸ்ட் சாப்பிடுவது வெகுகாலத்து வழக்கம். சிநேகிதி சனிக்கிழமையே ஒன்றரைக் கிலோ முதுகுக் கறியைத் தோலோடு வாங்கி வந்துவிட்டாள். ஐந்து பேருக்குத் தாராளமாகப் போதும். கூரான கத்தியால் தோலை விரற்கடை இடைவெளியில் கோடு கோடாகக் கீறினாள். கத்தி கொழுப்பு வரையில் போகலாம். சதையைத் தொடக் கூடாது. பிறகு ஈரம் போகத் துணியால் ஒற்றி, ராத்திரி முழுவதும் மூடாமலே பிரிட்ஜில் வைத்தாள். தோல் எவ்வளவு உலர்கிறதோ அவ்வளவு மொறுமொறுப்பு.

மறுநாள் தோலில் துளி எண்ணெயும் நிறைய உப்பும் தேய்த்து, 220 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அரைமணி வைத்தாள். பிறகு 180-க்குக் குறைத்து, அரைக் கிலோவுக்கு அரைமணி வீதம் ஒன்றரை மணி. கடைசி ஒரு மணிக்கு, பத்து நிமிஷம் வேகவைத்துக் குலுக்கிய உருளைக்கிழங்கும் சூடான கொழுப்பில் புரண்டு பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் சமையல்!

ஓவனைச் சாத்திவிட்டு, பத்திரிகையும் கையுமாக அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து ஓவனைத் திறந்தேன். தட்டில் தேங்கிய சாற்றைக் கரண்டியால் மொண்டு மொண்டு தோலின் மேல் விட்டேன். கிளறாமல், விடாமல், தொடாமல் இருந்தால் அது சமையலா? விளைவு என்ன தெரியுமா? அப்பளமாய் நொறுங்க வேண்டிய தோல், மழையில் நனைந்த செருப்பாய்க் கிடந்தது.

சிநேகிதி கோபித்துக்கொள்ளவில்லை. கறியின் நடுவில் உஷ்ணமானியைச் செருகி, 71 டிகிரி இருக்கிறதா என்று பார்த்தாள். பன்றிக் கறி அரைவேக்காடாக இருக்கக் கூடாது; நாடாப்புழு உபத்திரவம் வரலாம். கறியை வெளியே எடுத்து, சாறு உள்ளேயே அடங்க இருபது நிமிஷம் ஆறவிட்டாள். தோலை மட்டும் தனியே உரித்து, கிழங்கோடு மறுபடி 220 சூட்டில் வைத்தாள். கிழங்கு சிவந்தது, தோலும் பொரிந்தது. "உன்னை யார் எழுந்திருக்கச் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிளை நறுக்கி, கொஞ்சம் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தால் தானே குழைந்துவிடுகிறது. இதன் கதையைக் கேளுங்கள். 1809-ல் ஸவுத்வெல் என்ற ஊரில் விதையை ஊன்றி இந்த மரத்தை வளர்த்தவள் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண். பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் பிராம்லியின் பெயரே பழத்துக்கு நிலைத்துவிட்டது. ஊன்றியது ஒருத்தி, பெயர் ஒருவருக்கு! நமக்குப் புதிதா என்ன?

சாப்பாடு ஆனதும் பாத்திரங்களை வீட்டுக்காரர் துலக்கினார். மிஞ்சிய கறி திங்கட்கிழமைக்கு. அந்தக் காலத்தில் அங்கே திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். அன்று ஆறிய கறியை நறுக்கி வைத்தே சமாளித்துவிடுவார்களாம். ஒரு நாள் சமையலில் இரண்டு நாள் ஓய்வு!

உங்கள் வீட்டில் ரோஸ்ட் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை, தானாக வேகக்கூடிய ஏதாவது ஒன்றை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கை துறுதுறுக்கும், மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றும். அப்போது என் சிநேகிதியின் கேள்வியை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: "உன்னை யார் எழுந்திருக்கச் சொன்னது?"